மார்கழிக் குளிரைத் தொட்டறிதல்: விசேட தேவையுடைய சிறு பிள்ளைகளுக்கான விஞ்ஞானச் செயற்பாடுகள்

குளிர்காலம் பற்றிய சிறுவர் பாடங்களைத் தேடினால், பனிமனிதனும் வெண்பனி மூடிய கூரைகளும் வரையப்பட்ட தாள்களே முதலில் கைக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வளரும் பிள்ளை வெண்பனியைக் கண்ணால் கண்டதுமில்லை, கையால் தொட்டதுமில்லை. சொல்லையும் படத்தையும் கொண்டு கற்கக்கூடிய பிள்ளை அதை மனத்தில் ஒருவாறு கட்டிக்கொள்ளும். தொட்டும் முகர்ந்தும் அசைத்துமே உலகை அறிகின்ற பிள்ளைக்கோ அந்தத் தாள் நிறம் தீட்டும் தாளாகவே நின்றுவிடும். கைதடியில் நவீல்ட் பாடசாலை, கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை போன்று, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென்றே நடக்கும் தனிப் பாடசாலைகள் எங்களிடம் உண்டு. அவற்றுக்கு வெளியே சாதாரணப் பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளிலும், வீடுகளிலும் இருக்கும் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளையும், அவர்களோடு இருக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் முக்கியமாக எண்ணியே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எங்கள் மண்ணுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய, மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைகளில் வெப்பநிலை 22 அல்லது 23 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதைக் குளிர் என்று ஏற்கமாட்டார்கள். ஆயினும் தேங்காய் எண்ணெயைப் போத்தலுக்குள் உறைய வைக்கவும், புல்நுனியில் நீரைத் திரட்டவும், கிணற்று நீரை வெதுவெதுப்பாக உணரச் செய்யவும் அந்தக் குளிர் போதும். இந்த மூன்றையும் எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே தங்கள் வீட்டில் தொட்டிருக்கிறார்கள். அவற்றிலிருந்து தொடங்கி, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸுக்கும், அதன்பின் தொலைநாட்டு உறைபனிக்கும் போவதே சரியான ஒழுங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லைப் பற்றியும் முதலிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளில் பனி என்றால் விடியற்புறத்தில் தலையில் படும் ஈரம். புத்தகத்தில் பனி என்றால் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது. ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கும் வழங்கினால், சொற்களைச் சேர்த்துப் பிடிக்கவே பாடுபடும் பிள்ளை குழம்பிப்போகும். ஆகவே இலையில் இருப்பதைப் பனித்துளி என்றும், பெட்டியில் உறைவதை ஐஸ் என்றும் வகுப்பிலும் வீட்டிலும் எல்லோரும் ஒரேமாதிரிச் சொல்வது நல்லது. அதேபோல, ஐஸ் நீராவதையும் சீனி நீரில் மறைவதையும் பேச்சில் கரைந்துவிட்டது என்றே சொல்லிவிடுகிறோம். பிள்ளை அப்படிச் சொன்னால் திருத்தி மனத்தை நோகடிக்க வேண்டியதில்லை. ‘ஓம், உருகிவிட்டது’ என்று ஆசிரியர் சரியான சொல்லை இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

தொடங்குமுன் ஆயத்தம்

ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். மேசையில் ஒரு துவாய், ஒரு தட்டம், அன்றைய பொருள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். மற்றவை கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். செயற்பாட்டின் படிகளை மூன்று அல்லது நான்கு படங்களாக ஒரு மட்டையில் ஒட்டி, ஒவ்வொரு படி முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடும்படி செய்தால், எப்போது முடியும் என்று தெரியாமல் பதறும் ஓட்டிசப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் படத்துக்குப் பதிலாகப் பொருளையே வைக்கலாம்: போத்தல் மூடி, துவாய்த் துண்டு, சிறு கரண்டி என்றவாறு. மூளைவாதம் உள்ள பிள்ளைக்கு இருக்கையைச் சரிசெய்வதே முதல் வேலை. பாதம் ஏதேனும் ஒன்றின் மேல் ஊன்றி, முழங்கை மேசையில் தாங்கப்பட்டிருந்தால்தான் விரல்கள் பொருளைத் தேடிப் போகும்.

பிள்ளையின் கையைப் பிடித்து ஐஸின் மேல் வைக்கக் கூடாது. ஆசிரியரின் கை கீழே இருக்க, பிள்ளையின் கை அதன் மேல் தங்கியிருக்க, ஆசிரியரின் கையே முதலில் பொருளைத் தொட வேண்டும். பிள்ளை விரும்பும்போது தன் விரலைக் கீழே இறக்கும், விரும்பாதபோது தூக்கிக்கொள்ளும். இதை நான் அறியாத ஆண்டொன்றில், ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்தேன். ஈரம் பட்டாலே தாங்காத சிறுமி ஒருத்தி மேசைக்குக் கீழே போய் ஒடுங்கிவிட்டாள். அதன்பின் பல வாரங்களுக்கு அந்தத் தட்டத்தைக் கண்டாலே அவள் வகுப்புக்குள் வர மறுத்தாள். இப்போது ‘போதும்’ என்று சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் எதையும் தொடங்குவதில்லை. அது சொல்லாகவோ, அட்டையாகவோ, தட்டத்தைத் தள்ளிவிடும் அசைவாகவோ இருக்கலாம். எதுவாயினும் அது காட்டப்பட்ட கணத்திலேயே நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதில் வரும் வழி நீண்ட பிள்ளைகள் இவர்கள். நாங்கள் மூன்றாவது நொடியில் மறுபடியும் கேட்டால், பாதி வழியில் வந்துகொண்டிருந்த பதில் திரும்பிப் போய்விடும்.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐஸ் தோலில் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது. வலியைக் காட்டாத பிள்ளைகளும், பிறவியிலேயே உள்ள முதுகுத்தண்டுப் பிளவினால் கால்களில் உணர்ச்சி குறைந்த பிள்ளைகளும் இருப்பதால், பிள்ளை அழவில்லை என்பதை அளவாகக் கொள்ளாமல் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளிடம் இறப்பர் ஒவ்வாமை அதிகம் காணப்படுவதால், நீர் நிரப்பி உறைய வைக்கும் பலூன்களையும் இறப்பர்க் கையுறைகளையும் முற்றாகத் தவிர்ப்பதே நல்லது. பலூன் துண்டு தொண்டையில் அடைக்கும் அபாயமும் உண்டு. நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் அழகானவை, ஆனால் விழுங்கினால் குடலை அடைத்துவிடும். எதையும் வாயில் வைக்கும் வயதிலும் நிலையிலும் உள்ள பிள்ளைகளுக்கு அவற்றை ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்

இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செயற்பாட்டை நான் அறியேன். தூய தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறைகிறது. எங்கள் பகற்பொழுதின் வெப்பம் அதற்கு மேலே, மார்கழி விடியலின் வெப்பம் அதற்குச் சற்றுக் கீழே. ஒரு பொருள் திண்மமாகவும் திரவமாகவும் மாறுவதை, நெருப்பும் இயந்திரமும் இன்றி, யன்னலோரத்தில் வைத்தே காட்டக்கூடிய ஊர் எங்களுடையது. குளிர்நாட்டுப் பிள்ளையின் வீட்டில் இந்த எண்ணெய் குளிர்காலம் முழுவதும் உறைந்தே கிடக்கக்கூடும். ஒரே நாளில் இரண்டு நிலையையும் காணும் பேறு எங்கள் பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது.

ஒளி ஊடுருவும் சிறிய பிளாஸ்ரிக் போத்தல்கள் மூன்றை எடுத்து, ஒன்றில் தேங்காய் எண்ணெயும், ஒன்றில் நல்லெண்ணெயும், ஒன்றில் நீரும் பாதி அளவு ஊற்றி, மூடியை இறுக்கி அதன் மேல் ஒட்டுநாடாவைச் சுற்ற வேண்டும். எண்ணெய் வேறொன்று கலக்காததாக இருப்பது அவசியம். கலப்பு எண்ணெய் எதிர்பார்த்தபடி உறையாது. மாலையில் மூன்றையும் திறந்த யன்னலோரத்தில் வைத்து, பிள்ளையே வைத்ததாக அமையும்படி செய்து, காலையில் வந்ததும் பிள்ளையையே எடுக்கச் சொல்ல வேண்டும். குளிர் போதாத நாட்களில் தேங்காய் எண்ணெய் அடியில் மட்டும் வெண்மையாகத் திரண்டிருக்கும். அதுவும் நல்ல காட்சியே. மழைமேகம் மூடிய இரவாயின் உறையாமலே போகலாம். அப்போது மூன்று போத்தல்களையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் தேங்காய் எண்ணெய் வெண்கட்டியாகிவிடும். நல்லெண்ணெயும் நீரும் அப்படியே அசைந்துகொண்டிருக்கும்.

இனி ஒவ்வொரு போத்தலையும் சரிக்கட்டும், குலுக்கட்டும். உறைந்தது ஓசை எழுப்பாது, மற்ற இரண்டும் சளசளக்கும். விழிப்புலன் குறைந்த பிள்ளை காதாலேயே மூன்றையும் பிரித்துவிடும். செவிப்புலன் குறைந்த பிள்ளை போத்தலைக் கன்னத்திலோ உள்ளங்கையிலோ வைத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் மோதும் அதிர்வை உணரும். விரல்களை விரிக்க இயலாத பிள்ளைக்குப் போத்தலை மணிக்கட்டில் துணிப்பட்டியால் கட்டிவிடலாம். கையின் சிறு அசைவுக்கே திரவம் பதில் சொல்லும்.

மறுநாள் உருகுதலைச் செய்யலாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை அழுத்திப் பூட்டும் தடித்த பிளாஸ்ரிக் பையில் ஊற்றி, அதை இன்னொரு பைக்குள் இட்டு, தட்டையாகக் கிடத்தி உறைய வைத்தால், மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று கிடைக்கும். பிள்ளை அதன்மேல் உள்ளங்கையை வைத்திருக்க, சில நிமிடங்களில் கை வைத்த இடம் கண்ணாடிபோலத் தெளிந்து, கையின் உருவம் வெள்ளைக்கு நடுவே தோன்றும். பிள்ளையின் உடல் வெப்பமே அந்த வேலையைச் செய்தது. பேசாத பிள்ளைகள் பலர் தங்கள் கையையும் பையையும் மாறிமாறிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். காரணமும் விளைவும் அங்கே ஒரு சொல்லும் இல்லாமல் விளங்குகின்றன. ஈரத்தைத் தாங்காத பிள்ளைக்கும் இது பொருந்தும், ஏனெனில் கை நனைவதில்லை. தேங்காய் மணம் பழக்கமான மணம் என்பதும் அச்சத்தைக் குறைக்கிறது.

பின்னர் பையை மறுபடியும் பெட்டியில் வைத்து உறையச் செய்ய வேண்டும். இந்தத் திரும்புதலை விட்டுவிடக் கூடாது. உருகியது அழிந்துபோகவில்லை, மீண்டும் வரும் என்பதை அறிவதுதான் இப்பாடத்தின் உயிர்நாடி. ஒரே செயற்பாட்டை ஐந்து நாட்கள் செய்யுங்கள்; ஆறாம் நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கைக்குப் பதிலாக வெயில், அல்லது பைக்குப் பதிலாகப் போத்தல். இரண்டையும் சேர்த்து மாற்றினால், எதனால் வேறுபாடு வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது.

ஐஸ்

யோகட் கோப்பைகளில் நீர் ஊற்றி, செவ்வரத்தம் பூ, துளசி இலை, பெரிய சிப்பி போன்றவற்றை ஒவ்வொன்றாக இட்டு ஓர் இரவு உறைய வைத்தால், உள்ளே பொருள் அகப்பட்ட ஐஸ் கட்டிகள் கிடைக்கும். உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்பதே கேள்வி. சில பிள்ளைகள் தட்டுவார்கள், சிலர் ஊதுவார்கள், சிலர் காத்திருப்பார்கள். இளஞ்சூட்டு நீரும் ஒரு சிறு கரண்டியும் பக்கத்தில் இருந்தால், தாமாகவே ஊற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. விழுங்கக்கூடிய சிறு பொருட்களை உள்ளே வைக்க வேண்டாம். நீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருப்பதால் கோப்பையை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். கண்ணாடிப் போத்தல் வெடித்துவிடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

ஐஸைக் கொண்டு செய்யும் செயற்பாடுகளில் எனக்கு மிகப் பிடித்தது போர்வைச் சோதனை. ஒரே அளவான மூன்று கட்டிகளை எடுத்து, ஒன்றை வெறுமனே தட்டில் வைத்து, ஒன்றைத் தடித்த கம்பளித் துணியால் சுற்றி, ஒன்றை மரத்தூளிலோ உமியிலோ புதைக்க வேண்டும். எது முதலில் உருகும் என்று பிள்ளைகளைக் கேட்டு, ஒவ்வொருவரும் தன் பெயரட்டையை ஒரு தட்டின் முன்னே வைக்கச் செய்ய வேண்டும். பெரும்பாலும் எல்லா அட்டைகளும் கம்பளியின் முன்னே போய்ச் சேரும், ஏனெனில் கம்பளி சூடு தரும் என்பதே அவர்கள் உடலால் அறிந்தது. அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் வெறுமனே இருந்த கட்டி பெருமளவு நீராகியிருக்க, சுற்றப்பட்டவை இன்னும் கட்டியாகவே இருக்கும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு போக்குவரத்துச் செய்யும் வழியை மறிக்கிறது. உடம்பைச் சுற்றினால் உட்சூடு வெளியேறாது, ஐஸைச் சுற்றினால் வெளிச்சூடு உள்ளே வராது. குளிர்சாதனப் பெட்டிகள் பரவலாக வருவதற்கு முன் ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்து வைத்தே விற்றார்கள் என்பதைப் பாட்டன் பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்தது உலோகமும் மரமும். அலுமினியத் தட்டத்தையும் மரப்பலகையையும் தொட்டுப் பார்க்கும் பிள்ளை உலோகமே குளிர்ந்தது என்று காட்டும். இரண்டிலும் ஒவ்வோர் ஐஸ் கட்டியை வைத்தால் உலோகத்தில் இருப்பதே விரைவாக உருகும். இரண்டும் அறையின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன. உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால், எங்கள் விரலிலிருந்து சூட்டை வேகமாக எடுத்துக்கொள்கிறது, ஐஸுக்கு வேகமாகக் கொடுக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. எது முதலில் நீரானது என்று அவர்கள் சுட்டினால் போதும்.

உப்பைச் சேர்க்கும்போது மட்டும் ஆசிரியரின் கையே வேலை செய்ய வேண்டும். பெரிய ஐஸ் கட்டி ஒன்றின் மேல் கல்லுப்பைத் தூவி, சில துளி வண்ண நீரை விட்டால், உப்பு உருக்கிய வழியே நிறம் இறங்கி, வேர் ஓடியதுபோன்ற கோலம் கட்டிக்குள் தோன்றும். இருண்ட அறையில் கட்டியின் கீழே மின்சூள் ஒளியை வைத்தால், பார்வையில் சிறிதளவே எஞ்சியுள்ள பிள்ளையும் அதை நோக்கித் திரும்பும். ஆனையிறவு உப்பு என்று பெயர் சொல்லிக் காட்டலாம். பரந்தன் வழியாகப் பேருந்தில் வரும் பிள்ளைக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரிலேயே உறைபனியைக் காட்டவும் உப்பு உதவும். எவர்சில்வர் பேணி ஒன்றில் நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கும் உப்பு ஒரு பங்குமாக இட்டு நன்றாகக் கிளறினால், உப்பு ஐஸின் உறைநிலையைத் தாழ்த்திவிடுவதால், கலவை சுழியப் பாகைக்கு வெகு கீழே போய்விடும். வெளிப்புறத்தை முதலில் துவாயால் துடைத்துவிட்டுக் காத்திருந்தால், பத்து நிமிடமளவில் பேணியின் வெளியே வெண்மையான மெல்லிய படலம் படியும். அது பேணிக்குள்ளிருந்து கசிந்ததன்று, சுற்றியுள்ள காற்றின் ஈரம் நேரே உறைந்தது. பக்கத்தில் உப்பில்லாத ஐஸ் பேணி ஒன்றும் இருந்தால், அதன் வெளியே நீர்த்துளி மட்டும் நிற்கும். பனித்துளியும் உறைபனியும் அருகருகே! ஆனால் உப்பிட்ட பேணியைப் பிள்ளைகள் கையால் பற்றவோ நாவால் தொடவோ கூடாது. தோல் ஒட்டிக்கொள்ளும், புண்ணாகும். மரக்குச்சியால் வெண்படலத்தைச் சுரண்டி ஒரு கறுப்புக் கடதாசியில் விழச் செய்து காட்டுவதே ஏற்ற முறை. படத்துத்தாளின் பனிமனிதனை எடுக்க விரும்பும் ஆசிரியர் இந்தச் சுரண்டலுக்குப் பிறகு எடுக்கட்டும்.

முற்றத்தில் விடியற்காலை

பனித்துளியைப் பார்க்க ஏழு மணிக்கு முன் எழ வேண்டும் என்பதால் இது வீட்டாருக்கான செயற்பாடு. வானம் தெளிந்த மாலையில் ஒரே மாதிரியான இரண்டு தட்டங்களை, ஒன்றை வெட்டவெளி முற்றத்திலும் மற்றதை மாமரத்தின் கீழும் வைத்துவிட்டு, காலையில் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கட்டும். வெட்டவெளித் தட்டம் நனைந்திருக்கும். மரத்தின் கீழிருந்தது பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். பனி வானத்திலிருந்து விழுவதாக நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம், ‘பனி பெய்கிறது’ என்றே சொல்கிறோம். உண்மையில் திறந்த வானத்தை நோக்கிய தட்டம் தன் வெப்பத்தை இரவு முழுவதும் இழந்து குளிர்ந்துவிட, காற்றின் ஈரம் அதன்மேல் திரள்கிறது. மரத்தின் கிளைகள் தட்டத்துக்குப் போர்வையாக நின்று அந்த இழப்பைக் குறைக்கின்றன. கம்பளிச் சோதனையைச் செய்த பிள்ளைக்கு இது பழைய பாடத்தின் தொடர்ச்சி. சேம்பிலையில் உருளும் துளியையும், ஒட்டிப் பரவும் வேறோர் இலையையும் சேர்த்துக் காட்டலாம்.

வெறுங்காலோடு புல்லில் நடத்துவது நல்ல உணர்வு அனுபவம்தான். ஆனால் மழைநீர் தேங்கிய இடங்களில் வேண்டாம். 2024 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை மறக்கக் கூடாது. செயற்பாட்டுக்கு எடுத்த வாளிகளையும் தட்டங்களையும் அன்றே கவிழ்த்துவிட வேண்டும், ஏனெனில் இது டெங்கு நுளம்பு பெருகும் காலமும் ஆகும்.

திருவெம்பாவைப் பத்து நாட்களிலும் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைகளில் ஒலித்துச் செல்லும். ஒலிக்கு அஞ்சும் பிள்ளைகள் அந்நாட்களில் உறக்கம் கெட்டு எளிதில் கலங்குவார்கள். அந்தப் பத்து நாளில் புதிதாக எதையும் தொடங்காமல், பிள்ளைக்கு நன்கு பழகிய எண்ணெய்ப் போத்தலையே திரும்ப எடுப்பது நல்லது.

கிணற்று நீருக்கு இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் அப்போதே கிணற்றிலிருந்து அள்ளிய நீர், மற்றதில் இரவு முழுவதும் முற்றத்தில் வைத்திருந்த நீர். மார்கழிக் காலையில் முன்னது வெதுவெதுப்பாகவும் பின்னது சில்லென்றும் இருக்கும். நிலத்தின் ஆழத்தில் இரவின் குளிர் எட்டுவதில்லை. அங்குள்ள நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க, மேலே காற்றுத்தான் மாறுகிறது. கைகளில் உணர்ச்சி குறைந்த பிள்ளைக்கு முன்கையின் உட்புறத்தில் நனைத்த துணியை வைத்துக் காட்டலாம். நீரைப் பெரியவர் அள்ளி வர வேண்டும். பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிச் செல்லக் கூடாது.

துருவக் கடல்களின் திமிங்கிலம் குளிரை எப்படித் தாங்குகிறது என்று காட்ட, ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் மாஜரீனைத் தடிப்பாகப் பூசி, இன்னொரு பையை அதற்குள் நுழைத்து, இடையில் கொழுப்புப் படை நிற்கும் கையுறையாக்கிக்கொள்ளலாம். அந்தக் கையோடும் வெறும் பையிட்ட கையோடும் ஐஸ் நீரைத் தொட்டால் வேறுபாடு உடனே தெரியும். பை முகத்துக்குப் போகாதபடி பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பதிவு

ஒவ்வொரு செயற்பாட்டையும் பிள்ளை ஏதோ ஒருவகையில் பதிந்துவைக்க வேண்டும். எழுதுவது கட்டாயமில்லை. இரண்டு தட்டுகளில் படங்களைப் பிரித்து வைப்பதும், ‘கட்டி’ என்ற பக்கத்தில் மணல்தாளையும் ‘நீர்’ என்ற பக்கத்தில் வழவழப்பான தாளையும் ஒட்டுவதும் பதிவுகளே. ஆசிரியர் தன் குறிப்பில், பிள்ளை சரியாகச் சொன்னதா என்பதை மட்டும் எழுதாமல், எத்தனை நொடி தொட்டது, தானாகத் தொட்டதா, முடிவைக் காணும் முன்னரே ஒரு தட்டைச் சுட்டியதா என்பவற்றை எழுத வேண்டும். முதல் நாள் தட்டத்தைத் தள்ளிவிட்ட பிள்ளை எட்டாம் நாள் ஒரு விரலை வைத்தால், அது அந்தப் பிள்ளையின் முன்னேற்றம். அதைப் பெற்றோருக்கு அன்றைக்கே சொல்லியனுப்ப வேண்டும். மேலே சொன்ன சிறுமி மறு ஆண்டு தையில் எண்ணெய்ப் பையின் மேல் தன் கையைத் தானே வைத்தாள்.

நிழல்

மற்றவை சில நாட்களில் முடிந்துவிடும். இதற்கு நான்கு மாதம் தேவை. டிசம்பர் 21 அல்லது 22ஆம் திகதி சூரியன் தெற்கே மிக விலகி நிற்கும். யாழ்ப்பாணத்தில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் 1 மீற்றர் தடியை நிமிர்த்தி நட்டால், அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் நீளத்துக்கு விழும். அன்று மழையாயின் அடுத்த இரு வாரங்களில் எந்த நாளும் ஏற்றது, ஓரிரு சென்ரிமீற்றரே வேறுபடும். தடியைவிடப் பிள்ளையின் சொந்த நிழல் மேலானது. சீமெந்துத் தரையில் பாதத்தின் இடத்தையும் நிழலின் ஓரத்தையும் வரைய வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குச் சில்லுகளின் இடத்தையும் நாற்காலி முழுவதன் நிழலையும் வரைய வேண்டும். சோக்குக் கோட்டை மழை அழித்துவிடுவதால் நிறப்பூச்சையே பயன்படுத்துங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்காகக் கோட்டின் மேல் தடித்த கயிற்றை ஒட்டி, நிழலின் தலையிலிருந்து பாதம்வரை விரலால் தடவிச் செல்லச் செய்யலாம்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு நிறத்தில் வரைந்து வாருங்கள். கோடுகள் ஒவ்வொரு மாதமும் பாதத்தை நோக்கி நெருங்கி வரும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அந்நாளில் வீட்டு முற்றத்தில் நிற்கும் பிள்ளையின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். விடுமுறையால் சரியான நாள் தவறினாலும், ஒரு வாரம் முன்பின்னாகத் தடியின் நிழல் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாது. மேகம் மறைத்துவிட்டால் ஓகஸ்ற் 28 அளவில் சூரியன் மறுபடியும் நேர்மேலே வரும். டிசம்பரில் வரைந்த கோட்டை அதுவரை ஒருவரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாடசாலையின் துப்புரவுப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.